சார்ஜிங் தடையைத் திரும்பப் பெறுங்கள்: குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். மூன்றே வரிகள். பாதுகாப்புக் காரணங்களுக்காக, மறு அறிவிப்பு வரும்வரை, கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் எந்த மின்வாகனத்தையும் சார்ஜ் செய்யக்கூடாது, மீறினால் அபராதம். எதிலிருந்து பாதுகாப்பு, மறு அறிவிப்பு எப்போது, இந்த முடிவுக்கு வருவதற்கு முன் யாரைக் கேட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. என் பெயரும் இல்லை. ஆனால் அது யாருக்காக ஒட்டியது என்பது காவலாளி அண்ணன் உட்பட இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

என் மின்காரைச் சார்ஜ் செய்யத் தனி லைன் கேட்டு ஏழு மாதங்களுக்கு முன் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். அப்புறம் மூன்று மின்னஞ்சல்கள். எதற்கும் பதில் இல்லை. கடைசியில் கிடைத்த பதில் இந்தச் சுற்றறிக்கைதான். அதனால் இந்த மடலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல், 48 வீட்டாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பாதிதான் வெளியே உலவுகிறது. கார் வாங்கியபோது முந்தைய செயலாளரிடம் கேட்டேன். காவலாளி அறைக்கு வெளியே இருக்கும் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், யூனிட்டைக் குறித்து வைத்து மாதாமாதம் கட்டிவிடுங்கள் என்றார். வாய்ச்சொல்தான், எழுத்தில் வாங்காதது என் தவறு. கணக்கு எழுதுவதை வேலையாகக் கொண்டவள் இப்படி ஏமாந்திருக்கக்கூடாது. ஆனாலும் ஒரு சின்ன மீட்டரை இடையில் மாட்டி, ஐந்து மாதம் ஒவ்வோர் இரவும் எத்தனை யூனிட் என்று நோட்டில் எழுதினேன். பணமும் கட்டினேன், ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன. இப்போது வாட்ஸ்அப் குழுவில் 'பொது மின்சாரத்தைத் திருடுகிறார்கள்' என்று ஒருவர் எழுதியபோது, ரசீது போட்டுக் கொடுத்த பொருளாளர் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் காலை பிளக்கைப் பிடுங்கினால் கை சுட்டது. ஒரு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அன்றைக்கே அங்கே சார்ஜ் செய்வதை நிறுத்தினேன். எலெக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினேன். அவர் சொன்னது எளிமையான விஷயம்தான். சுவரில் இருக்கும் சாதாரண பிளக் பாயிண்ட் இஸ்திரிப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் ஆனது. அவை கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் அப்படியில்லை, மணிக்கணக்கில் ஒரே அளவில் இழுக்கும். உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தாலும், பிடிப்பு லேசாக இருந்தாலும், அந்த இடத்தில் மின்சாரம் பாய்வதற்குத் தடை கூடும், சூடு ஏறும், சூடு ஏற ஏறப் பிடிப்பு இன்னும் தளரும். இது காரின் கோளாறும் இல்லை, பேட்டரியின் கோளாறும் இல்லை. தப்பான இடத்தில் செருகியதன் விளைவு.

அந்தப் பிளக்கின் படத்தை இணைத்து, இதற்காகத்தான் தனி லைன் வேண்டும் என்று உங்களுக்கு விண்ணப்பித்தேன். ஏழு மாதம் கழித்து, அதே படம் சுற்றறிக்கைக்குக் காரணமாக வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டது. ஆபத்தைக் கண்டு நிறுத்தியவள் நான், எடுத்துச் சொன்னவளும் நான். அதற்குக் கிடைத்தது தடை. இனிமேல் இந்தக் கட்டடத்தில் ஒரு பிளக் கருகினால் யாராவது உங்களிடம் வந்து சொல்வார்களா?

நான் கேட்டது என்ன என்பதையும் பலர் அறியவில்லை. பொது மின்சாரம் கேட்கவில்லை. சங்கத்தின் பணமும் கேட்கவில்லை. மீட்டர் அறையில் இருக்கும் என் வீட்டு மீட்டரிலிருந்து என் வாகன நிறுத்தம் 28 மீட்டர். ஏற்கனவே கேபிள்களைத் தாங்கிப் போகும் கேபிள் தட்டிலேயே ஒரு தனி கேபிள். அதற்கென்று, அளவுக்கு மீறி இழுத்தால் தானே துண்டித்துவிடும் தனி பிரேக்கர். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச். முடிவில் சுவரில் பொருத்தும் சார்ஜர். இப்படிப்பட்ட சார்ஜருக்கு ஐ.இ.சி. 61851 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி காரும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, எர்த் சரியாக இருக்கிறது, இணைப்பு முழுமையாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் கேபிளில் மின்சாரமே வரும். பாதியில் பிடுங்கினால் முனை வெளியே வருவதற்கு முன்பே மின்சாரம் நின்றுவிடும். உங்கள் வீட்டுச் சமையலறை மிக்ஸிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

என் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய அளவு, 8 கிலோவாட். இரவில் இரண்டு ஏ.சி. ஓடினாலும் 3 கிலோவாட்டைத் தாண்டுவதில்லை. கார் 3.3 கிலோவாட் எடுத்துக்கொண்டாலும் மீதி இருக்கிறது. செலவு முழுவதும் என்னுடையது. நான் வீட்டை விற்றுப் போனால் லைனைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பூசித் தருகிறேன் என்றுகூட எழுதியிருந்தேன்.

இனி நெருப்பு.

நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய வீடியோ தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த தீவிபத்து. 2024 ஆகஸ்ட் 1, அதிகாலை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். ஒரு மின்கார் எரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் நாசமாயின. பார்த்து எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் அந்த விபத்தைப் பற்றி வெளிவந்ததை முழுக்கப் படித்தவர் உங்களில் எத்தனை பேர்? அந்தக் கார் அப்போது சார்ஜில் இல்லை. இரண்டு நாளுக்கும் மேலாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. சார்ஜிங்கைத் தடை செய்திருந்தாலும் அது எரிந்திருக்கும். சேதம் அந்த அளவுக்குப் போனதற்கு ஒரு காரணம், அலாரம் அடித்ததும் பணியில் இருந்தவர், தீயின்மேல் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டது.

இப்போது நம் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். போன பொதுக்குழுவில் நான் கேட்டேன், நிகழ்ச்சிக் குறிப்பில் இருக்கிறது: தீயணைப்பு பம்ப் ஏன் தானாக ஓடும் ஆட்டோவில் இல்லாமல், கையால் போடும் மேனுவலில் இருக்கிறது? மூன்றாவது தூண் பக்கம் பைப் கசிகிறது, ஆட்டோவில் போட்டால் பம்ப் அடிக்கடி ஓடுகிறது, அதனால் வால்வை மூடி வைத்திருக்கிறோம் என்றீர்கள். இன்றைக்கும் அது மூடித்தான் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். பாதுகாப்புக் காரணங்களுக்காக என்று எழுதுகிற கை முதலில் அந்த வால்வைத் திறந்திருக்க வேண்டும்.

பேட்டரி நெருப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு செல் கட்டுப்பாடு இழந்து சூடானால் பக்கத்துச் செல்லையும் சூடாக்கும், சங்கிலிபோலப் போகும். அணைக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்தது என்று நினைத்தது மறுபடி பற்றவும் கூடும். ஆனால் அது எத்தனை முறை நடக்கிறது? ஸ்வீடன் நாட்டின் பேரிடர்த் துறை எண்ணிப் பார்த்தது. 2022இல் அங்கே மின்கார்களும் பிளக்கில் சார்ஜ் செய்யும் ஹைப்ரிட்களும் (பேட்டரியோடு எரிபொருளிலும் ஓடுபவை) சேர்ந்து சுமார் 6.1 லட்சம். அவற்றில் தீப்பிடித்தவை 23. எல்லா வகைக் கார்களையும் சேர்த்தால் அந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,400 எரிகின்றன. பெட்ரோல் கார்களில் பழையவை அதிகம், ஆகவே இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டாலும், நம் கீழ்த்தளத்தில் நிற்கும் ஐம்பது பெட்ரோல், டீசல் டேங்குகளை விட்டுவிட்டு என் காரை மட்டும் வெடிகுண்டு போலப் பார்ப்பதற்கு நியாயம் கிடைக்காது. ஜெனரேட்டருக்கான டீசலையும் அங்கேதான் வைத்திருக்கிறோம். அதற்குத் தடையா போட்டோம்? தொட்டி, மணல் வாளி, பூட்டு என்று விதி போட்டோம். அதையேதான் இதற்கும் கேட்கிறேன்.

உங்கள் தடை நெருப்பை இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே அனுப்பவில்லை. மாடிகளுக்கு ஏற்றிவிட்டிருக்கிறது. மின்ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியுமா? பேட்டரியைக் கழற்றி லிஃப்டில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்கிறார்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்குக் கீழே, இரவு முழுக்க. அது பற்றிக்கொண்டால் வெளியே ஓடுவதற்கு இருக்கும் ஒரே வழியில் நெருப்பு நிற்கும். இன்னொரு வீட்டில் பைப் போகும் சந்து வழியாக எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே இறக்கி, நள்ளிரவுக்கு மேல் மாட்டி, விடிவதற்குள் சுருட்டிவிடுகிறார்கள். சுருளாகக் கிடக்கும் வயரில் சூடு போக இடமிருக்காது. எந்த வீடு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. நேர்வழியைக் கேட்டவளுக்கு ஏழு மாதம் பதில் வரவில்லை என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் கேட்காமலே இருக்கிறார்கள்.

செயலாளர் அவர்கள் என்னிடம் நேரில் கேட்டது ஒன்றே ஒன்று: "நாளைக்கு எல்லாரும் கேட்டா என்னம்மா பண்றது?" இது நல்ல கேள்வி. இதற்கு நானே பயந்துதான் கணக்குப் போட்டேன். இரண்டு வருடம் சங்கக் கணக்கைச் சரிபார்த்தவள் என்ற முறையில் மின்கட்டண ரசீதுகள் எனக்குப் பழக்கம். நம் பொது இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு 60 கிலோவாட். கடந்த 12 மாதங்களில் பதிவான உச்சம் 31, அது மாலை ஏழு, எட்டு மணிக்கு. நள்ளிரவுக்கு மேல் 10க்கு இறங்கிவிடுகிறது.

ஒரு நடுத்தர மின்கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் எடுக்கும். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால் 6 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதைச் சேர்த்து 7 என்று வைத்துக்கொள்வோம். இருபது கார் வந்துவிட்டன என்றால் 140 யூனிட். இரவு 11 முதல் காலை 6 வரை ஏழு மணி நேரத்தில் பரப்பினால் சராசரி 20 கிலோவாட். இரவில் வழக்கமாக ஓடும் 10ஐச் சேர்த்தால் 30. இருபது காரையும் பொது இணைப்பிலேயே மாட்டினாலும் இப்போதைய மாலை உச்சத்தைக்கூட எட்டாது.

ஆனால் அதே இருபது பேரும் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து ஒரே நேரத்தில் மாட்டினால்? காருக்கு 3.3 வீதம் 66 கிலோவாட். அதனோடு மாலை உச்சம் 31. மெயின் பிரேக்கர் விழுந்துவிடும். ஆகவே ஆளுக்கு ஒரு லைன் இழுத்துக்கொள்ளட்டும் என்று கண்டபடி விடுவதும் சரியில்லைதான். செயலாளர் அவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து ஏற்கனவே இருக்கிறது. மின்பளுவைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவியை வைத்தால், கட்டடத்தில் அந்த நேரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை மட்டும் கார்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். லிஃப்டும் பம்ப்பும் ஓடும்போது கார்களுக்குக் குறைக்கும், அவை நின்றதும் கூட்டும். ஒரு காருக்குத் தேவையானதெல்லாம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கார் நிற்பதோ இரவு முழுக்க. எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. கேபிள் தட்டை இப்போதே இருபது பேருக்கு ஏற்றபடி ஒருமுறை போட்டுவிட்டால், ஒவ்வொருவர் வரும்போதும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. முதலில் வருபவர் தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டார் என்ற சண்டையும் வராது.

'வெளியே சார்ஜிங் நிலையம் இருக்கிறதே, அங்கே போங்களேன்' என்கிறார்கள். போகிறேன். வாரத்துக்கு இரண்டு முறை. நான்கு சார்ஜர்களில் இரண்டு பெரும்பாலும் வேலை செய்யாது. மீதி இரண்டுக்கு வரிசை. வேகச் சார்ஜரில் 80 சதவீதம் வரை சரசரவென்று ஏறும், அதற்கு மேல் பேட்டரியைக் காப்பாற்ற காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். அலுவலகம் முடிந்து போனால் என் முறை வர இரவு பத்து மணி ஆகிவிடும். விளக்கு பாதி எரியும் ஓர் இடத்தில், கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டு, திரையில் ஏறும் எண்ணையும் பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒரு பெண் தனியாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒன்பது ஆண்களுக்கும் நான் எப்படி விளக்குவது? 'பாதுகாப்பு' என்ற சொல்லை அந்தச் சுற்றறிக்கையில் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முக்கால் மணி நேரம்தான்.

ஒரு சங்கம் இப்படித் தடுக்கலாமா என்பதற்கும் உலகத்தில் பதில் இருக்கிறது. ஜெர்மனியில் 2020 டிசம்பரில் அடுக்குமாடி உரிமையாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். சார்ஜிங் வசதியை ஓர் உரிமையாளர் கேட்டால் வேண்டாம் என்று மற்றவர்கள் தடுக்க முடியாது. எப்படிச் செய்வது என்பதில் மட்டும்தான் சங்கத்துக்குப் பேச்சு. ஸ்பெயினில் சொந்த வாகன நிறுத்தத்தில் சொந்தச் செலவில் சார்ஜர் வைப்பவர் சங்கத்துக்கு முன்கூட்டித் தெரிவித்தால் போதும். கலிஃபோர்னியாவில் விண்ணப்பம் வந்து 60 நாளுக்குள் சங்கம் எழுத்தில் மறுக்காவிட்டால், கூடுதல் விவரம் கேட்டுத் தாமதமானால் ஒழிய, அது அனுமதித்ததாகவே கருதப்படும். என் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்து இருநூறு நாளுக்கு மேல் ஆகிறது.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதன் இடத்தில் விதிமுறை ஒன்றை ஒட்டுங்கள்: சாதாரண பிளக் பாயிண்ட்டிலும் எக்ஸ்டென்ஷன் வயரிலும் சார்ஜ் செய்யக்கூடாது, தனி லைன், தனி பிரேக்கர், மின்கசிவுப் பாதுகாப்பு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் சான்று ஆகியவை இருந்தால் செய்யலாம். முதலில் கையெழுத்துப் போடுபவள் நானாக இருப்பேன்.

என் விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதுங்கள், யார் யார் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

மின்பொறியாளர் ஒருவரை வைத்து முழுக் கட்டடத்தின் மின்பளுவையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு முன் அந்த அறிக்கை எல்லா வீட்டுக்கும் வர வேண்டும். இதற்காகும் செலவில் மின்வாகனம் வைத்திருக்கும் நாங்கள் பங்கு தரத் தயார். நாலு வீட்டாரிடம் பேசிவிட்டேன். ஸ்கூட்டர் பேட்டரிகளுக்குக் கீழ்த்தளத்தில், படிக்கட்டிலிருந்து தள்ளி, தீத்தடுப்புச் சுவரோடு ஒரு மூலை ஒதுக்கித் தாருங்கள். வீட்டுக்குள் போகும் பேட்டரிகளை வெளியே வரவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் உரிமையாளரின் சம்மதத்தோடு இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்த்து எழுதுங்கள்.

'மின்திருட்டு' என்று வாட்ஸ்அப் குழுவில் வந்ததற்கு, ஐந்து மாதப் பணமும் பெறப்பட்டது என்று பொருளாளர் அவர்கள் அதே குழுவில் ஒரு வரி போட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே, மூன்றாவது தூண் பக்கத்துக் கசிவை அடைத்து, வால்வைத் திறந்து, பம்ப்பை ஆட்டோவில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கீழே வந்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
நான்காம் மாடியில் குடியிருக்கும் உங்கள் உறுப்பினர்